அமுக்கரா உடற்பயிற்சிக்கு உதவுகிறதா? வீட்டிலும் ஜிம்மிலும் சோதித்துப் பார்க்கும் முறை

அமுக்கரா என்றும் அசுவகந்தா என்றும் விற்கப்படும் வேர், பலத்தைக் கூட்டும், உடம்புவலியைக் குறைக்கும், ஓட்டத்தில் மூச்சு வாங்குவதைத் தள்ளிப்போடும் என்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் யாரையாவது கேளுங்கள்: "சாப்பிட்டேன், ரெண்டு மாசத்துல பெஞ்ச் பிரஸ் பதினஞ்சு கிலோ ஏறிடுச்சு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து கிலோவில் வேர் கொடுத்தது எவ்வளவு, இரண்டு மாதப் பயிற்சி கொடுத்தது எவ்வளவு என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது.

2015-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எடைப் பயிற்சியில் அதிகப் பழக்கமில்லாத 57 ஆண்கள் 8 வாரம் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்கு தினம் இரண்டு வேளை 300 மி.கி. வேர்ச் சாரம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத டம்மி. சாரம் எடுத்தவர்களுக்கு பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடை தூக்குவது) சராசரியாக 46 கிலோ ஏறியது. டம்மி எடுத்தவர்களுக்கும் 26 கிலோ ஏறியது. டம்மிக் குழு இல்லாமல் இந்த ஆய்வை நடத்தியிருந்தால் 46 கிலோவும் வேரின் கணக்கில்தான் போயிருக்கும். புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் பலம் ஏறும், வேர்க்கடலை கொடுத்தாலும் ஏறும்.

ஆகவே சோதனை என்றால், "இது வேலை செய்யவில்லை" என்று சொல்லும் வாய்ப்பையும் அது தர வேண்டும். டம்மி, குருட்டுச் சீட்டு (எது நிஜம், எது டம்மி என்று சாப்பிடுபவருக்குத் தெரியாமல் பூவா தலையாவால் முடிவுசெய்வது), உங்கள் அளவீட்டின் தடுமாற்றம் எவ்வளவு என்ற கணக்கு ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் உங்கள் கையில் மிஞ்சுவது அபிப்பிராயம்தான்.

யார் தொடக்கூடாது

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தைராய்டு கூடுதலாகச் சுரப்பவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தச் சோதனைக்குள் வரக்கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். அமுக்கரா இரண்டையும் இன்னும் இறக்கிவிடலாம்.

கல்லீரல் விஷயத்தை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவான 5 பாதிப்புகள் 2020-இல் ஒரே கட்டுரையாக வெளிவந்தன. சாப்பிடத் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள்காமாலையும் உடல் அரிப்பும் வந்திருந்தன. நிறுத்திய பின் நான்கு பேர் தேறினார்கள், ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது. ஐந்தாமவர் பிறகு என்ன ஆனார் என்ற தகவல் கிடைக்கவில்லை. டென்மார்க் 2023-இல் இந்த மூலிகையைத் தடையே செய்துவிட்டது. "நாட்டு மருந்துதானே" என்ற நினைப்போடு இறங்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். இரண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனை நடக்கும்போது ஒவ்வொரு 4 வாரத்துக்கும் கல்லீரல் பரிசோதனை மறுபடியும் வேண்டும். ஒரு சூட்சுமம்: கடுமையாக எடை தூக்கினால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலிருந்தே ரத்தத்தில் கசிந்து, ஒரு வாரம் வரை உயர்ந்தே இருக்கும். முதல் நாள் கால் பயிற்சி செய்துவிட்டு மறுநாள் காலை ரத்தம் கொடுத்து, அறிக்கையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் பலர். ரத்தம் கொடுக்கும் முன் ஒரு வாரம் பயிற்சியை இலகுவாக வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் கல்லீரலைக் காட்டும் வேறு இரண்டு அளவுகளான ஜி.ஜி.டி.யும் பிலிரூபினும் சேர்ந்திருக்கட்டும். தசை வலியால் அவை ஏறுவதில்லை. எஸ்.ஜி.பி.டி. மேல் வரம்பைப் போல 3 மடங்கைத் தாண்டினாலோ, பிலிரூபின் ஏறினாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமுக்கரா உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் டப்பாவுக்குள் வேறு எது கலந்திருந்தாலும் பழி வீரர் தலையில்தான் விழும். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) சோதித்த 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' போன்ற முத்திரை இல்லாத பொருளைப் பதிவு பெற்ற வீரர்கள் தொடவே வேண்டாம்.

எந்த அமுக்கரா?

ஒரே பெயரில் கடையில் மூன்று வேறு பொருள்கள் கிடைக்கின்றன. இதில் குழம்பினால் பிறகு செய்யும் எதுவும் உதவாது.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேர்ப்பொடி முதலாவது. இதில் விதனோலைடு எனப்படும் செயற்பொருள்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வேர் விளைந்த மண், வயது, பறித்த காலம் ஆகியவற்றைப் பொறுத்து மூட்டைக்கு மூட்டை மாறும்.

இரண்டாவது சித்த மருந்தான அமுக்கரா சூரணம். பலர் இதை வெறும் அமுக்கராப் பொடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் மரபு அளவைப் பாருங்கள்: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரட்டிப்பு. கூட்டினால் 255 பங்கு. அமுக்கரா அதில் கால் பங்குதான், சர்க்கரை பாதி. 5 கிராம் சூரணத்தில் அமுக்கரா சுமார் 1.25 கிராம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மற்றப் பொருள்கள் உடலில் சேரும் அளவையே மாற்றிவிடும். சூரணம் மருந்தாக நல்லதா இல்லையா என்பது வேறு கேள்வி. அமுக்கராவை மட்டும் சோதிக்க அது உதவாது. சூரணத்தைத்தான் சோதிக்க வேண்டுமென்றால், அதே மசாலாவும் சர்க்கரையும் போட்டு அமுக்கரா மட்டும் இல்லாத டம்மி செய்ய வேண்டும். வீட்டில் நடக்கிற காரியமல்ல.

மூன்றாவது தரப்படுத்திய சாரம். உடற்பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலானவை இதைத்தான் பயன்படுத்தியிருக்கின்றன. நீங்களும் இதையே எடுங்கள். சாரங்களின் வணிகப் பெயர்களில், கே.எஸ்.எம்-66 வேரிலிருந்து மட்டும் எடுத்தது, 5 சதவீத விதனோலைடு. சென்சோரில் வேரும் இலையும் சேர்ந்தது. ஷோடன் இன்னும் செறிவானது, 35 சதவீதம். ஒன்றில் 600 மி.கி. என்றால் இன்னொன்றிலும் 600 மி.கி. என்று கணக்குப் போடாதீர்கள். மேலும் சதவீதத்தை எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். எடை போட்டு அளக்கும் பழைய முறையில் கூடுதலாகத் தெரியும். லேபிளிலோ பகுப்பாய்வுச் சான்றிலோ 'ஹெச்.பி.எல்.சி.' (பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள்.

அந்தச் சான்றைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். தொகுதி எண் உங்கள் டப்பாவோடு ஒத்துப்போக வேண்டும். ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற வரம்புகளுக்குள் இருக்க வேண்டும். வேரில் இலையைக் கலப்பது இந்த வியாபாரத்தில் பழைய வழக்கம். இலை மலிவு, அதில் விதஃபெரின்-ஏ என்ற விதனோலைடு அதிகம், சதவீதத்தை எளிதாக ஏற்றிக்காட்டிவிடும். இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. 'வேர் மட்டும்' என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். சோதனை முழுவதற்கும் தேவையானதை ஒரே தொகுதியில் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

டம்மி மாத்திரை செய்வது

இந்த வேலையைச் செய்பவர் நீங்களாக இருக்கக்கூடாது. வீட்டிலோ நட்பிலோ பொறுமையான ஒருவரைப் பிடியுங்கள். சோதனை முடியும் வரை அவர் வாய் திறக்கக்கூடாது, முகத்திலும் காட்டக்கூடாது. தினமும் உங்களைப் பார்க்காத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

தேவையானவை:

- ஒளி ஊடுருவாத, ஒரே நிறத்துக் காலிக் கேப்ஸ்யூல், '0' அளவு, 260 (சைவமாக வேண்டுமென்றால் ஹெச்.பி.எம்.சி. வகை)
- 0.01 கிராம் வரை காட்டும் தராசு
- கையால் நிரப்பும் கேப்ஸ்யூல் தட்டு
- நிரப்புப் பொருளாக மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ்
- ஒரே மாதிரியான 4 பாட்டில், சிலிகா ஜெல் பொட்டலம்

அரிசி மாவு மலிவு என்று எடுத்துவிடாதீர்கள்; ஐந்து மாதத்தில் வண்டு வரும். மால்டோடெக்ஸ்ட்ரின் நம் ஊர்க் காற்றில் ஈரம் இழுத்துக் கட்டியாகும்.

'0' அளவுக் கூட்டில் 400 முதல் 500 மி.கி. பொடி பிடிக்கும். 300 மி.கி. சாரத்தை மட்டும் போட்டால் கூடு முழுக்க நிரம்பாது, குலுக்கினால் சத்தம் வரும். எனவே நிஜ மாத்திரையிலும் சாரத்தோடு செல்லுலோஸ் சேர்த்து விளிம்பு வரை நிரப்பவேண்டும். டம்மியில் முழுக்க செல்லுலோஸ். தராசு 300 மி.கி.யைத் தனித்தனியே அளக்கும் அளவுக்கு நுட்பமானதல்ல. 60 மாத்திரைக்கு 18 கிராம் சாரத்தை நிறுத்து, 60 கூடுகள் கொள்ளும் மொத்த அளவுக்குச் செல்லுலோஸ் சேர்த்து, மூடிய டப்பாவில் பத்து நிமிடம் நன்றாகக் கலந்து, பிறகு தட்டில் நிரப்புங்கள். நிரப்பிய மாத்திரைகளை 10, 10 ஆக நிறுத்துப் பாருங்கள். ஒரு பத்துக்கும் இன்னொரு பத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கலவை சீராக இல்லை.

அடுத்தது வாசனை. குதிரை நெடி அடிப்பதால்தான் இதற்கு அசுவகந்தம் என்றே பெயர். மூடியைத் திறந்ததும் எது நிஜம் என்று மூக்கு சொல்லிவிடும். சோதனைகள் கெட்டுப்போகும் இடங்களில் இது முக்கியமானது. பலர் யோசிப்பதே இல்லை. சிறு துணி முடிச்சில் ஒரு சிட்டிகை வேர்ப்பொடியைக் கட்டி நான்கு பாட்டிலிலும் போட்டுவிடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி நாறட்டும்.

வேலை முடிந்ததும் ஒரு சின்னப் பரீட்சை. சம்பந்தமில்லாத ஒருவரிடம் மூன்று மாத்திரை கொடுங்கள், இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. முகர்ந்தும் குலுக்கியும் தடவியும் பார்த்து வேறான ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஆறு தடவை செய்யுங்கள். குருட்டுவாக்கில் எடுத்தால் இரண்டு தடவைதான் சரியாக வரும். ஐந்தோ ஆறோ சரியாக வந்தால் (குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு) உங்கள் டம்மி தோற்றுவிட்டது, மறுபடி செய்யுங்கள்.

தனி ஆளாகச் சோதிப்பது: 20 வாரம்

ஒரே ஆள் தன் பலம் ஏறுகிறதா என்று சோதிப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பலம் நாளாக நாளாக ஏறிக்கொண்டே போவது. ஏறியதை இறக்கி மறுபடி தொடங்க முடியாது. அதனால் தனி ஆள் சோதிக்க ஏற்றது, வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும் சங்கதி: கடினப் பயிற்சிக்குப் பிறகு உடம்பு எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்பது. பலத்துக்குக் குழு வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் 4 வாரம் மாத்திரை எதுவும் இல்லை. பிறகு 4 வாரச் சுற்று நான்கு. நிஜம்–டம்மி–டம்மி–நிஜம் என்றோ, டம்மி–நிஜம்–நிஜம்–டம்மி என்றோ வரிசை இருக்கும். எது என்பதை மாத்திரை செய்தவர் பூவா தலையா போட்டு முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பாட்டில்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் மட்டும் போட்டுக் கொடுப்பார். ஒவ்வொரு பாட்டிலிலும் 60 மாத்திரை. 28 நாளுக்கு 56, உபரி 4. காலை சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அதுவே எது நிஜம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி முன்னும் பின்னும் கண்ணாடி போல வரிசை வைப்பதற்குக் காரணம், 16 வாரத்தில் உடம்பு சீராகத் தேறிவந்தாலும் வெயில் சீராக ஏறிவந்தாலும் அந்தச் சாய்வு இரண்டு பக்கத்திலும் சமமாக விழுந்து கழிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வாரத்தின் அளவுகளை எழுதி வையுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய மாத்திரையின் மிச்சம் கழியவும் புதியது வேலையைத் தொடங்கவும் அந்த நாட்கள். மாதவிடாய் சுழற்சி உள்ளவர்களுக்கு 28 நாள் சுற்று இன்னொரு வகையிலும் வசதி. சுழற்சி ஒழுங்காக இருந்தால் ஒவ்வொரு சுற்றின் கடைசி இரண்டு வாரமும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் வரும்.

திங்களும் வியாழனும் ஒரே கடினப் பயிற்சி. உதாரணமாக ஸ்குவாட், நீங்கள் ஒரே தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 75 சதவீதம், 8 ரெப்ஸ், 5 செட், நடுவே 3 நிமிட ஓய்வு. 20 வாரமும் எடையை ஏற்றாதீர்கள். ரத்தம் கொடுக்கும் முன் வரும் இலகுவான வாரம், கணக்கில் சேராத வாரங்களுக்குள் விழட்டும். சலிப்பாகத்தான் இருக்கும். மேல் உடம்புப் பயிற்சியை வழக்கம்போல் செய்துகொள்ளலாம்.

முதல் 4 வாரம் ஏன் மாத்திரை இல்லாமல்? பழகாத பயிற்சியை முதல் தடவை செய்யும்போது தசை கடுமையாக வலிக்கும். அதே பயிற்சியை இரண்டாம் தடவை செய்தால் வலி பாதிதான் இருக்கும், எந்த மருந்தும் இல்லாமலே. ஒரே ஒரு தடவை செய்ததன் பாதுகாப்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட நீடிக்கும். "மாத்திரை போட்டதும் உடம்புவலியே காணோம்" என்ற சாட்சியங்களில் முக்கால்வாசிக்கு இதுவே விளக்கம் என்பது எங்கள் கணிப்பு. அந்தப் பழக்கம் படிந்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். புதிய பயிற்சியை ஒரேயடியாக வெறித்தனமாகச் செய்துவிட்டு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைவின் அடையாளம். சோதனையை மறந்து மருத்துவமனைக்குப் போங்கள்.

எதை, எப்படி அளப்பது

பிரதான அளவு ஒன்றே ஒன்று இருக்கட்டும். தொடங்கும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள். பத்து விஷயங்களை அளந்தால், மாத்திரையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று 'நன்றாக' வர 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பிறகு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

எங்கள் பரிந்துரை, கடினப் பயிற்சி முடிந்து 48 மணி நேரம் கழித்து நின்ற இடத்திலிருந்து எகிறும் உயரம். அதாவது புதனும் சனியும். கைகளை இடுப்பில் வைத்து, சற்றுக் குனிந்து, முழு வலுவோடு நேரே எகிற வேண்டும். தரையிறங்கும்போது முழங்காலை மடக்கினால் காற்றில் இருக்கும் நேரம் போலியாக நீளும். எனவே கால் நீட்டியபடியே முன்பாதம் முதலில் தொட வேண்டும். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து தடவை எகிறி, சராசரியை எழுதுங்கள். சிறந்த ஒன்றை மட்டும் எடுத்தால் தடுமாற்றம் கூடும்.

உயரத்தை அளக்க போனே போதும். பாதத்துக்கு நேரே தரையோடு தரையாகப் போனை வைத்து, நொடிக்கு 240 சட்டகம் என்ற மெதுவேக முறையில் படம் பிடியுங்கள். கால் தரையை விட்ட சட்டகத்திலிருந்து மறுபடி தொட்ட சட்டகம் வரை எண்ணி, 240-ஆல் வகுத்தால் நொடி கிடைக்கும். நொடியை அதனாலேயே பெருக்கி 122.6-ஆல் பெருக்கினால் உயரம் சென்டிமீட்டரில். 120 சட்டகம் என்றால் அரை நொடி, உயரம் சுமார் 30.7 செ.மீ. ஒரு சட்டகம் தவறினால் அரை சென்டிமீட்டர்தான் மாறும். சாதாரண 30 சட்டக வீடியோவில் ஒரே சட்டகம் தவறினால் 4 செ.மீ. போய்விடும், நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிட அது பெரிது.

துணை அளவாகத் தசைவலி. தாளில் 100 மில்லிமீட்டர் கோடு, இடது முனை 'வலியே இல்லை', வலது முனை 'தாங்கவே முடியாது'. 24, 48 மணி நேரத்தில் ஒரு தடவை முழுக்க உட்கார்ந்து எழுந்து, உடனே கோட்டில் புள்ளி வைத்து, ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் புதுத் தாள். பழைய புள்ளி கண்ணில் படக்கூடாது. விருப்பமிருந்தால் காலை எழுந்தவுடன் நாடித்துடிப்பும் படுத்த நேரம், எழுந்த நேரமும். ரத்தத்தில் சி.கே. (தசை சேதத்தைக் காட்டும் நொதி) அளவைப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரே பயிற்சிக்கு ஒருவருக்கு 300, இன்னொருவருக்கு 3000 என்று வரக்கூடியது அது. அதே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். காசுதான் கரையும்.

மாறாமல் இருக்க வேண்டியவை: நேரம், காலணி, தரை, சூடாக்கும் முறை. காலை ஆறரைக்கு அளந்தால் எப்போதும் ஆறரைக்கே. ஃபில்டர் காபி குடித்துவிட்டு வருபவர் எல்லா அளவீட்டு நாளும் அதே டம்ளர், அதே நேரம். ஜனவரியில் தொடங்கினால் சோதனை மே மாதத்தில் முடியும். சென்னை, மதுரை வெயிலில் நாடித்துடிப்பு எண்கள் தானே ஏறும். ஜூன், ஜூலையில் தொடங்குவது மேல். வலி மாத்திரை, எண்ணெய் மசாஜ், ஐஸ் குளியல், புதிதாகக் கிரியேட்டின் எதுவும் நடுவில் நுழையக்கூடாது. காய்ச்சலுக்கு வலி மாத்திரை போட நேர்ந்தால் போடுங்கள். அந்த வார அளவை விட்டுவிடுங்கள், விட்ட காரணத்தை அன்றே எழுதுங்கள்.

கணக்கு

முதல் 4 வாரத்தில் வாரம் இரண்டாக 8 அளவுகள் கிடைக்கும். முதல் இரண்டைத் தள்ளுங்கள். மீதி ஆறு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 31.2, 30.4, 32.0, 31.0, 30.1, 31.9. சராசரி 31.1. எக்செல்லில் இந்த ஆறுக்கும் எஸ்.டி.இ.வி. (திட்ட விலக்கம்) போட்டால் 0.77 செ.மீ. வரும். மாத்திரை எதுவும் இல்லாதபோதே உங்கள் எண் இவ்வளவு ஆடுகிறது என்று அர்த்தம்.

சோதனை முடிந்ததும் 1, 4 சுற்றுகளின் கடைசி இரண்டு வாரங்களில் 8 அளவு, 2, 3 சுற்றுகளில் 8 அளவு. இரண்டு பக்கத்தின் சராசரியையும் கழியுங்கள். பக்கத்துக்கு 8 அளவு என்னும்போது அந்த வித்தியாசத்தின் தடுமாற்றம், எஸ்.டி.இ.வி.யில் பாதி. அதை இரண்டால் பெருக்கினால் நம்பத்தக்க எல்லை. ஆக இந்தத் திட்டத்தில் எல்லையும் எஸ்.டி.இ.வி.யும் ஒரே எண்ணாக வந்துவிடுகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் அது சுமார் 0.8 செ.மீ. ஆகும். இரண்டு சராசரிகளின் வித்தியாசம் அதைவிடக் குறைவு என்றால், மாத்திரை எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது. 0.3 செ.மீ. 'கொஞ்சம் முன்னேற்றம்' அல்ல.

இந்தக் கணக்கை முடித்து, எந்தப் பக்கம் மேல் என்று எழுதிவிட்டு, அதன் பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் இன்னொன்று: நான்கு சுற்றில் எவை நிஜம் என்று உங்கள் ஊகத்தை எழுதுங்கள், காரணத்தோடு. தூக்கம் அதிகம் வந்தது, வயிறு இளகியது என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தால் மறைப்பு கிழிந்துவிட்டது. கோட்டில் வைத்த வலிப் புள்ளிகளை நம்பாதீர்கள். எகிறும் உயரத்தில்கூட உற்சாகம் கலந்திருக்கும். பாட்டில்களில் மிஞ்சியதையும் எண்ணுங்கள். உபரி 4 போக, 6 மாத்திரைக்கு மேல் தவறவிட்ட சுற்று கணக்கில் சேராது.

ஜிம்மில் குழுவாகச் சோதிப்பது

பலமோ ஓட்டமோ அளக்க வேண்டுமென்றால் இதுதான் வழி. ஆனால் பயிற்சியாளர் தன்னிடம் பயிலும் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்துப் பார்ப்பது சோதனையல்ல, தவறு. மற்றவர்களை வைத்து ஆய்வு செய்வதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்து மூலமான ஒப்புதல், பொறுப்பேற்கும் மருத்துவர், முதல் ஆள் சேரும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எல்லாம் வேண்டும். உடற்கல்விக் கல்லூரி அல்லது மருத்துவக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து செய்வதே நடைமுறை. அணித் தேர்வு உங்கள் கையில் இருக்கும் வீரர்களிடம் கேட்கவே கேட்காதீர்கள். அவர்களால் மறுக்க முடியாது.

எத்தனை பேர் வேண்டும்? பலம் ஏறுவதில் ஆளுக்கு ஆள் உள்ள ஆட்டத்தை (எஸ்.டி.இ.வி.), நீங்கள் எதிர்பார்க்கும் வித்தியாசத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 16-ஆல் பெருக்குங்கள். ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஆட்கள் கிடைப்பார்கள். ஆட்டம் 5 கிலோ, எதிர்பார்ப்பும் 5 கிலோ என்றால் பக்கத்துக்கு 16 பேர். எதிர்பார்ப்பு 2.5 கிலோ என்றால் 64 பேர். நான்கு நண்பர்களை வைத்துச் செய்த 'ஆய்வு' எதையும் காட்டாமல் போவதற்குக் காரணம் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

ஆள் குறைவாக இருந்தால் இணை சேருங்கள். ஆரம்ப பலமும் பயிற்சி அனுபவமும் நெருக்கமாக உள்ள இருவர் ஓர் இணை. யாருக்கு நிஜம் என்பதை ஒவ்வோர் இணைக்கும் பூவா தலையாவால் முடிவுசெய்ய வேண்டும். 8 வாரம், குறைந்தது ஓராண்டு எடை தூக்கிப் பழகியவர்கள் மட்டும். முடிவில் ஒவ்வோர் இணையிலும் யாருக்கு அதிகம் ஏறியது என்று எண்ணுங்கள். 8 இணையில் 7 அல்லது 8 நிஜத்தின் பக்கம் விழுந்தால், தற்செயலாக அப்படி விழ வாய்ப்பு 256-இல் 9. ஆறு விழுந்தால் அது செய்தியே அல்ல.

பலத்துக்கு ஒரே தடவைத் தூக்கலைவிட 5 ரெப்ஸ் அதிகபட்சம் பாதுகாப்பானது, பழக்கம் குறைந்தவரிடம் நம்பகமும் கூட. 20 கிலோ என்று பொறித்த தட்டு 20 கிலோதானா என்று முதலில் தராசில் போட்டுப் பாருங்கள், பிறகு அதே தட்டுகளையே கடைசி வரை பயன்படுத்துங்கள். ஓட்டத்துக்கு 20 மீட்டர் ஷட்டில் (இரண்டு கோடுகளுக்கு இடையே திரும்பத் திரும்ப ஓடுவது): மணிக்கு 8.5 கி.மீ.யில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கி.மீ. ஏறும். பெரியவர்களுக்கு, கடைசி வேகத்தை 6-ஆல் பெருக்கி 24.4-ஐக் கழித்தால் ஆக்சிஜன் உட்கொள்ளும் திறன் சுமாராகக் கிடைக்கும்; 12 கி.மீ. என்றால் 47.6. ஒரு படி மேலே போனாலே 3 புள்ளி கூடும் என்பதைக் கவனியுங்கள். 2015-இல் வந்த இன்னொரு ஆய்வில் 12 வாரத்தில் சாரம் எடுத்தவர்களுக்கு 5.67, டம்மிக்கு 1.86 புள்ளி ஏறியது. ஆக, இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே ஒரு படியைச் சற்றுத் தாண்டுகிறது. இரண்டு தடவை ஒத்திகை ஓட்டம் ஓடவிடாமல் அளக்கத் தொடங்கினால், ஓடும் உத்தி பழகியதே அந்த ஒரு படியைக் கொடுத்துவிடும்.

அளப்பவருக்கும் யார் எந்த பாட்டில் என்று தெரியக்கூடாது. "இன்னும் ஒண்ணு, விடாதே, தள்ளு!" என்று ஒருவருக்கு மட்டும் கூடுதலாகக் கத்தினால் இரண்டு கிலோ ஏறும். கத்துவதானால் எல்லாருக்கும் ஒரே வார்த்தை, ஒரே சத்தம். பாதியில் விட்டுப் போனவர்களின் பெயரை அழிக்காதீர்கள். எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர், என்ன காரணத்தால் போனார்கள் என்று அறிக்கையில் இருக்க வேண்டும். நிஜத்தின் பக்கம் மட்டும் நான்கு பேர் வயிற்றுக் கோளாறால் விலகி, மிஞ்சியவர்கள் நன்றாகத் தூக்கினார்கள் என்றால் அந்தச் சராசரியில் விலகிய நால்வரும் இல்லை. கடைசி மாத்திரை முடிந்து 4 வாரம் கழித்து எல்லாருக்கும் இன்னொரு கல்லீரல் பரிசோதனை எடுத்துவிட்டு, அதையும் சேர்த்தே கோப்பை மூடுங்கள்.